பாட்டை யாரிடம் கேட்டோம்?

ஏரிக்கரை ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து 'எங்கள் ஏரி' என்று ஏழு நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தார்கள். கைபேசியில் எடுத்த படம்தான். ஆனாலும் அதில் மதகு இருந்தது, கலிங்கு இருந்தது, நாணலுக்குள் நடக்கும் நீலத்தாழைக்கோழிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகள் அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டித் தாத்தாவின் பேச்சு இருந்தது. எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் விட்டார், பஞ்ச காலத்தில் எப்படிப் பங்கிட்டார் என்று அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

"பின்னாடி மியூசிக் இல்லாம சப்புன்னு இருக்கு டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள். "பாரதி பாட்டு ஒன்று போடுங்கள். பாரதியார் பாட்டு நாட்டுடைமை, யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்னது நான்தான். ஒரு திரைப்படத்தில் வந்த பாரதி பாட்டை இறக்கி, தாத்தாவின் பேச்சுக்கு அடியில் மெல்ல ஓடவிட்டார்கள்.

ஆண்டு விழாவில் திரையிட்டோம். ஊரே கைதட்டியது. அந்த உற்சாகத்தில் பள்ளியின் பெயரில் இருந்த காணொளிப் பக்கத்தில் ஏற்றினோம். மறுநாள் திறந்தால் படம் ஓடுகிறது, ஒலி இல்லை. பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரியவர் உரிமை கோரியிருப்பதாக ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. பாட்டும் பேச்சும் ஒரே ஒலியாகக் கலந்திருந்ததால் தாத்தாவின் குரலும் சேர்ந்தே போய்விட்டது. கலப்பதற்கு முந்தைய பதிவைக் கேட்டேன். "போன்ல இடம் இல்லன்னு அழிச்சுட்டேன் டீச்சர்" என்றான் ஒருவன்.

அதைவிட என்னைத் தைத்தது, குழுத் தலைவியாக இருந்த பெண் கேட்ட கேள்வி. "டீச்சர், அப்போ நாங்க திருடிட்டோமா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு சட்டத்தைப் படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இன்று தொடக்கப் பள்ளியில்கூடத் திறன் வகுப்பறை இருக்கிறது. பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள், குரல் பதிகிறார்கள், படங்களைக் கோத்துக் காணொளி ஆக்குகிறார்கள். அந்தக் கேள்வி எந்த ஆசிரியரிடமும் வரலாம்.

ஒரு பாட்டு, மூன்று உரிமைகள்

முதலில் ஒரு சொல் விளக்கம். பேச்சில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்று சொல்லிவிடுகிறோம். கண்டுபிடிப்புகளுக்கு உரியது காப்புரிமை. எழுத்து, ஓவியம், இசை, ஒளிப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு போன்ற படைப்புகளுக்கு உரியது பதிப்புரிமை. நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 2012-இல் அதில் முக்கியமான திருத்தங்கள் செய்யப்பட்டன.

பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை, அந்தக் கருத்து வெளிப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. ஏரியின் பரப்பு, அது வெட்டப்பட்ட காலம், பறவைகளின் பெயர் போன்ற செய்திகளுக்கு உரிமையாளர் கிடையாது. மூன்று நூல்களைப் படித்துவிட்டுப் பிள்ளை தன் சொற்களில் எழுதினால் அது பிள்ளையின் எழுத்து. ஒரு நூலின் பத்தியை அப்படியே எடுத்து ஒட்டினால் அது அந்த நூலாசிரியருடையது.

நான் சறுக்கிய இடம் எதுவென்று இப்போது தெரிகிறது. நாம் ஒன்று என்று நினைக்கும் பாட்டு சட்டத்தின் கண்ணில் ஒன்று அல்ல. எடுத்துக்காட்டாக, 2000-இல் வெளிவந்த 'பாரதி' திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டு வரிகள் பாரதியாருடையவை. அவர் 1921-இல் மறைந்தார். அவருடைய படைப்புகளின் உரிமையை 1949-இலேயே அரசு வாங்கிவிட்டது. வரிகளை யாரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் அந்தப் படத்துக்கு இசை அமைத்தவர் இளையராஜா. மெட்டு ஒரு தனிப் படைப்பு. அதைப் பாடகரையும் வாத்தியக்காரர்களையும் வைத்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு தனிப் படைப்பு. அதற்கு உரியவர் பெரும்பாலும் தயாரிப்பாளர் அல்லது இசை நிறுவனம். ஆக வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று உரிமைகள். வரி நம்முடையது என்பதால் மற்ற இரண்டும் நம்முடையவை ஆகிவிடாது.

நூல்களிலும் இதுதான் நிலை. கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையைப் பிள்ளைகள் நாடகமாக்கலாம். கல்கி மறைந்தது 1954-இல், அவர் எழுத்துகள் நாட்டுடைமையும் ஆனவை. ஆனால் அந்தக் கதைக்கு ஓவியர்கள் வரைந்த படங்களின் உரிமை தனி. 2022-இல் வந்த திரைப்படத்தின் காட்சிகளுக்கு உரிமை தனி. திரைப்படத்தின் ஒரே ஒரு காட்சியை நிழற்படமாக எடுத்து ஒட்டுவதும் அந்தத் திரைப்படத்தின் உரிமைக்குள்தான் வரும். திருக்குறளுக்கு உரிமையாளர் இல்லை. இக்காலத்தில் ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு.

வகுப்பறைக்குச் சட்டம் திறந்துவைத்த கதவு

இதையெல்லாம் படித்தபோது முதலில் பயம்தான் வந்தது. மேலும் படித்தபோது, சட்டம் ஆசிரியரை எவ்வளவு தாராளமாக நடத்துகிறது என்பது தெரிந்தது. 52-ஆம் பிரிவில், எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. அதில் நமக்கு நேராக உரியவை இரண்டு.

ஒன்று, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம். வினாத்தாளிலும் விடைத்தாளிலும் பயன்படுத்தலாம். கதையின் ஒரு பகுதியை நகல் எடுத்துக் கொடுப்பது, ஒளிப்படத்தைத் திரையில் காட்டி விளக்குவது, ஒப்படைப்பில் பிள்ளை ஒரு படத்தை ஒட்டி வருவது எல்லாம் இதற்குள் வரும்.

இரண்டு, பள்ளியின் செயல்பாடுகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் நாடகம், பாட்டு போன்றவற்றை நிகழ்த்தலாம். திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ போடுவதானால், பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், பள்ளிச் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளியில் சிறார் திரைப்படம் திரையிடுவதும், ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டு ஆடுவதும் இந்த நிழலில்தான் நடக்கின்றன.

'கற்பித்தலின் போக்கு' என்பது மணி அடித்ததிலிருந்து மறுமணி அடிக்கும் வரையிலான நேரம் மட்டும்தானா? இந்தக் கேள்வி தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகலகம், ஆசிரியர்கள் பரிந்துரைத்த நூல் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. 2016-இல் தனி நீதிபதியும், அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், கற்பித்தல் என்பது வகுப்பில் நின்று பேசும் நேரத்தோடு முடிவதில்லை, பாடத்துக்காகத் தரப்படும் வாசிப்புப் பொருளும் அதில் அடங்கும் என்ற பார்வையை ஏற்றன. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குப் பக்கக் கணக்கு எதையும் அமர்வு வைக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே அளவுகோல்.

கதவுக்கு வெளியே

அப்படியானால் எங்கள் ஏரிப் படம் எங்கே தவறியது? வகுப்பில் போட்டவரை தவறில்லை. ஆண்டு விழாவிலும் தவறில்லை. இணையத்தில் ஏற்றிய அந்த நிமிடத்தில் பார்வையாளர் வட்டம் உடைந்தது. உலகில் யாரும் பார்க்கலாம் என்று ஆனபின் அது 'பொதுமக்களுக்கு எட்டச் செய்தல்'. சட்டத்தில் அது தனி உரிமை. கற்பித்தலுக்குத் தந்த விலக்கை நம்பி அங்கே போவது பாதுகாப்பானது அல்ல.

நான் கற்றதன் சாரம் இவ்வளவுதான். 'எதற்காகச் செய்தோம்' என்பதோடு 'எங்கே போய்ச் சேர்கிறது' என்பதையும் கேட்க வேண்டும். வகுப்புக்குள் சரியாக இருந்த அதே படம் வெளியே போகும்போது வேறு கணக்குக்குள் வருகிறது. வாட்ஸ்ஆப் குழுவையும் வகுப்பறையின் நீட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே போட்டது எத்தனை குழுக்களுக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை.

காணொளித் தளங்களில் இதை ஓர் ஆள் உட்கார்ந்து பார்ப்பதும் இல்லை. உரிமையாளர்கள் கொடுத்துவைத்த பதிவுகளோடு ஒவ்வொரு புதிய காணொளியையும் கணினியே ஒப்பிடுகிறது. ஏற்றியது அரசுப் பள்ளியா, வணிக நிறுவனமா என்பது அதற்குத் தெரியாது. ஒலியை முடக்கலாம், காணொளியை மறைக்கலாம், அதில் விளம்பரம் போட்டு வருமானத்தை உரிமையாளருக்குத் தரலாம். கணினியின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. நம் பக்கம் நியாயம் இருந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. எங்கள் விஷயத்தில் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை.

நாம் நம்பிக்கொண்டிருப்பவை

ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பேசும்போது சில கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நானும் அவற்றை நம்பியவள்தான்.

'முப்பது நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை.' நம் சட்டத்தில் அப்படி நொடிக்கணக்கு எதுவும் இல்லை.

'கூகுளில் கிடைத்தது, ஆகவே பொது.' தேடுபொறி இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி மட்டுமே. படம் அதை எடுத்தவருடையது.

'பதிப்புரிமைக் குறி இல்லையே.' குறி போட வேண்டும் என்றோ, பதிவு செய்ய வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. படைப்பு உருவாகும்போதே உரிமையும் பிறந்துவிடுகிறது.

'நன்றி என்று போட்டுவிட்டோம்.' பெயரைச் சொல்வது நேர்மை. தன் படைப்பு தன்னுடையது என்று அறியப்படும் உரிமையைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் படைப்பாளிக்குத் தருகிறது. ஆனால் நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. பக்கத்து வீட்டு மிதிவண்டியை எடுத்துப்போய்விட்டு 'நன்றி' என்று சீட்டு வைத்தால் போதுமா?

'நாங்கள் காசு வாங்கவில்லை.' காசு வாங்காதது நம் பக்கத்து நியாயம்தான். அது மட்டுமே அனுமதி ஆகாது.

'பொறுப்புத் துறப்பு போட்டிருக்கிறோம்.' பல தமிழ்க் காணொளிகளின் கீழே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு என்று ஒரு வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கச் சட்டம். நம் சட்டத்தின் 107-ஆம் பிரிவைத் தேடினால் கிடைக்காது. ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் ஒட்டி ஒட்டி வந்த வரி அது.

பேசுபொருளா, அலங்காரமா?

அப்படியானால் வெளியே போகும் எந்த மாணவர் படைப்பிலும் பிறர் படைப்பின் துளிகூட இருக்கக் கூடாதா? இருக்கலாம். 52-ஆம் பிரிவு 'நியாயமான கையாளுகை' என்ற ஒன்றை ஏற்கிறது. சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம் அல்லது மதிப்பாய்வு, நடப்புச் செய்திகளைத் தெரிவித்தல் ஆகியவற்றுக்காகப் படைப்புகளை நியாயமான அளவில் பயன்படுத்தலாம்.

என் பத்தாம் வகுப்பு மாணவர்கள், முகப்பூச்சு விளம்பரங்கள் நிறத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரு காணொளி செய்தார்கள். விளம்பரத்தின் சில நொடிகளைக் காட்டி நிறுத்தி, "இந்தப் பெண்ணுக்கு வேலை ஏன் கிடைத்தது என்று விளம்பரம் சொல்கிறது?" என்று கேட்டார்கள். அந்த விளம்பரத்தைக் காட்டாமல் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அங்கே விளம்பரம்தான் பேசுபொருள். அது விமர்சனம்.

எங்கள் ஏரிப் படத்தில் பாட்டைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அது வெறும் அலங்காரம். அந்த இடத்தில் வேறு எந்தப் பாட்டைப் போட்டிருந்தாலும் படம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இப்போது பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: "இதை எடுத்துவிட்டால் நாம் சொல்லவந்தது நிற்குமா?" நிற்கும் என்றால் அது அலங்காரம், அதற்கு வேறு வழி தேடுங்கள். நிற்காது என்றால் அது பேசுபொருள், தேவையான அளவு மட்டும் எடுங்கள், யாருடையது என்று சொல்லுங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள். எல்லாச் சிக்கலையும் இந்தக் கேள்வி தீர்த்துவிடாது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறது.

தடையின்றிக் கிடைப்பவை

அலங்காரத்துக்கு என்ன செய்வது? மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது, உரிமைக்காலம் முடிந்தவை. எழுத்து, இசை, ஓவியம், ஒளிப்படம் ஆகியவற்றுக்குப் படைப்பாளி மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகள். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. இதை நான் கணக்காகவே கொடுப்பதுண்டு. ஜவகர்லால் நேரு 1964 மே மாதம் மறைந்தார். எண்ணத் தொடங்குவது 1965 சனவரி 1. உரிமை முடிந்தது 2024 டிசம்பர் 31. இந்த 60 ஆண்டுக்குப் பின்னும் ஒரு கதை உண்டு. முன்பு அது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941-இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடியும் நேரம் வந்தபோதுதான் அது 60 ஆக நீட்டப்பட்டது.

இரண்டாவது, நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. தமிழ்நாட்டுக்கே உரிய நல்ல வழக்கம் இது. எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, அவருடைய எழுத்துகளை அரசு பொதுவாக்குகிறது. பாரதிதாசன், புதுமைப்பித்தன், கல்கி எனப் பலருடைய எழுத்துகள் இப்படி நமக்குக் கிடைத்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அவற்றைப் படிக்கலாம். மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் பழைய இலக்கியங்கள் ஏராளம்.

மூன்றாவது, படைப்பாளியே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவைத்தவை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமங்கள் இதற்கானவை. விக்கிமீடியா பொதுவகத்தில் படங்களும், ஃப்ரீசவுண்டு தளத்தில் ஒலிகளும் இப்படிக் கிடைக்கின்றன. எடுப்பதற்கு முன் நிபந்தனையைப் படிக்க வேண்டும். 'பிஒய்' என்றால் பெயர் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' என்றால் நம் படைப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றக் கூடாது. பாட்டைப் படத்தோடு இணைப்பதே மாற்றம் என்று இந்த உரிமங்கள் கருதுவதால், 'என்டி' என்று இருக்கும் இசையைக் காணொளிக்குப் பின்னணி ஆக்க முடியாது.

பெயர் சொல்லும்போது நான்கு விவரங்கள் போதும்: தலைப்பு, படைத்தவர், எடுத்த இடம், உரிமம். படம் இறக்கும்போதே குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசி நாளில் தேடினால் கிடைக்காது.

இந்த மூன்றிலும் கிடைக்காவிட்டால் கேட்கலாம். அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஏரிக்குத் திரும்பிப் போனோம்

அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடியும் தாத்தாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னோம். "அதுக்கென்ன, இன்னொரு வாட்டி சொன்னாப் போச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்தார். முதல் முறை சொன்ன சில செய்திகள் இந்த முறை வரவில்லை. முதல் முறை சொல்லாத சில வந்தன. போனது போனதுதான் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. இந்த முறை மூலப் பதிவை ஹைடெக் ஆய்வகக் கணினியில் ஒன்றும், பென்டிரைவில் ஒன்றுமாக வைத்தோம்.

பின்னணிக்கு என்ன செய்வது என்று அவர்களே யோசித்தார்கள். மதகில் தண்ணீர் விழும் ஓசையை விடியற்காலையில் போய்ப் பதிந்து வந்தார்கள். தாழைக்கோழியின் கத்தல் தானாக வந்து சேர்ந்தது. பாரதி வரிகளை விட மனமில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானே ஒரு மெட்டுப் போட்டுப் பாடினாள். பக்கவாத்தியம் மேசைத் தாளம்தான். வரி பொது, மெட்டு அவளுடையது, பதிவு எங்களுடையது.

ஏரி நிரம்பி வழிந்த ஒரு வெள்ளக் காலத்தின் பழைய ஒளிப்படம் ஊர் ஸ்டுடியோவில் மாட்டியிருந்தது. முன்பானால் கைபேசியில் 'கிளிக்' செய்து வந்திருப்போம். இந்த முறை பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். நாங்கள் யார், எந்தப் படம் வேண்டும், எதற்காக, எங்கே வெளியிடுவோம், உங்கள் பெயரை எப்படிப் போடுவோம் என்று ஐந்தே வரிகள். கீழே அவர் சம்மதம் எழுதிக் கையெழுத்திட இடம். அனுமதி எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. ஸ்டுடியோக்காரர் கையெழுத்துப் போட்டதோடு, பெட்டியிலிருந்து இன்னும் மூன்று படங்களை எடுத்துக் கொடுத்தார். "இத்தன வருஷத்துல இதக் கேட்டு வந்த மொத ஆளுங்க நீங்கதான்" என்றார்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு

சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தொடக்கப் பள்ளி நண்பர்கள் கேட்டார்கள். சட்டம் வேண்டாம், பழக்கம் போதும் என்று நினைக்கிறேன். படம் வரைந்தால் மூலையில் தன் பெயரை எழுதட்டும். கதை சொன்னால் 'இது எங்க ஆயா சொன்ன கதை' என்று தொடங்கட்டும். 'இது யார் செய்தது?' என்ற கேள்வி நாக்கில் பழகிவிட்டால் மற்றது பின்னால் வரும்.

சுவரிலும் அட்டையிலும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரங்களை வரைகிறோம். வகுப்புக்குள் கற்பிக்கக் காட்டும் அட்டை பற்றிக் கவலை வேண்டாம். அதையே அச்சிட்டு விற்பதும், காணொளியாக வெளியிடுவதும் வேறு. அதைவிட, வகுப்புக்கென்று பிள்ளைகளே ஒரு பாத்திரத்தை உருவாக்கட்டுமே. ஓர் அணிலோ ஆட்டுக்குட்டியோ, அவர்களே பேர் வைத்தது என்றால் அதன்மேல் இருக்கும் ஒட்டுதலே தனி.

தாலாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் வழிவழியாக வந்தவை, அவற்றுக்கு ஒருவர் உரிமையாளர் இல்லை. ஆனால் பாடும் பாட்டிக்குத் தன் பாடலின் மீது நிகழ்த்துநர் என்ற உரிமை உண்டு. பதிவதற்கு முன் கேளுங்கள். எங்கே போடப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் வெளியே போகும்போது பெற்றோரிடம் கேட்க வேண்டியது தனிக் கடமை. அதைப் பதிப்புரிமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளும் படைப்பாளிகளே

அடுத்த ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்காக ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் நடுவில் ஒரு நீலத்தாழைக்கோழி. எங்கள் மாணவன் ஒருவன் எடுத்த படம். பள்ளிக் கண்காட்சியில் வைத்திருந்ததை யாரோ கைபேசியில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் இல்லை. "ரெண்டு மணி நேரம் கரையில அசையாம உக்காந்து எடுத்தேன் டீச்சர்" என்றான். கண் கலங்கியிருந்தது.

சட்டப்படி அந்தப் படத்தின் உரிமையாளன் அவன்தான். வயது தடையில்லை, பதிவும் தேவையில்லை. அவனுக்காகப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். சண்டைக் கடிதம் அல்ல. 'இந்தப் படம் எங்கள் நண்பன் எடுத்தது. அவன் பெயரைப் போடுங்கள்' என்று மட்டும். ஏற்பாட்டாளர்கள் மறுநாள் வெள்ளைத் தாளில் மார்க்கரால் பெயரை எழுதி ஒட்டினார்கள். கோணலாகத்தான் இருந்தது. அவன் அதைத் தன் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினான்.

பள்ளியும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளையின் ஓவியத்தை நாட்காட்டியில் போடும்போது, கவிதையை மலரில் அச்சிடும்போது, கேட்டுவிட்டுப் பெயரோடு போடுவோம். 'நம்ம பசங்கதானே' என்று எடுத்துக்கொண்டால், பிறர் படைப்பையும் அப்படியே எடுக்க நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம்.

இப்போது எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் முதல் நாளே கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதிவிடுகிறேன். இது கடைசியில் எங்கே போகும்: வகுப்புக்கா, பள்ளி விழாவுக்கா, வெளியுலகுக்கா? நாமே செய்யக்கூடியது எது? பிறருடையதை எடுத்தால், அது பேசுபொருளா, அலங்காரமா? யாரிடம் கேட்க வேண்டும், யார் பெயரைச் சொல்ல வேண்டும்? போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் அதன் விதிகளையும் அன்றே படித்துவிடுகிறோம். படம் முடிந்தபின் கேட்டால் இந்தக் கேள்விகள் தண்டனை போல் ஆகிவிடும். தொடக்கத்தில் கேட்டால் அவையே திட்டத்தின் ஒரு பகுதி.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. புதிய ஏரிப் படத்தை ஏற்றிய அன்று அவளுடைய பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். "திருடணும்னு நீங்க எதையும் எடுக்கலம்மா. கேட்காம எடுத்தோம். எடுக்கச் சொன்னதும் நான்தான்." அவள் சிரித்துவிட்டு, "இந்தத் தடவ எல்லார்கிட்டயும் கேட்டுட்டோம் டீச்சர்" என்றாள். படத்தின் முடிவில் பெயர்கள் ஓடின. முதல் பெயர் நீர்க்கட்டித் தாத்தாவுடையது.